இந்த டிஸ்க் யாருடையது? கிளவுடில் கேட்பாரற்றுக் கிடக்கும் வால்யூம்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் சிறு நிறுவனங்களுக்குச் சர்வர் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. ஒருநாள் கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா ஒருவர் அமேசான் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "தம்பி, இபிஎஸ் இபிஎஸ்னு மாசாமாசம் போட்டிருக்கானே, அது யாரு? நம்மகிட்ட அந்தப் பேர்ல யாரும் வேலை பாக்கலையே" என்றார். சிரித்துவிட்டுத்தான் பட்டியலைத் திறந்தேன். இபிஎஸ் என்பது சர்வரில் மாட்டிக்கொள்ள அமேசான் வாடகைக்குத் தரும் டிஸ்க். அப்படி ஒவ்வொரு டிஸ்க்கையும் வால்யூம் என்பார்கள். 14 வால்யூம்கள் எந்தச் சர்வரிலும் மாட்டப்படாமல் கிடந்தன. அன்றிலிருந்து நண்பர்களும் வாடிக்கையாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நான் அதிகம் புழங்குவது ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட்) என்பதால் அதை வைத்தே பேசுகிறேன். மைக்ரோசாஃப்டின் அஷூர், கூகுள் கிளவுட் பற்றி ஆங்காங்கே.

சர்வரைத்தான் நிறுத்திவிட்டோமே, இன்னும் எதற்குக் காசு?

சர்வர் வேறு, அதன் டிஸ்க் வேறு. நீங்கள் "ஸ்டாப்" கொடுத்தால் இயந்திரத்துக்கான கட்டணம்தான் நிற்கும். டிஸ்க்குக்கான கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும்.

சரி, "டெர்மினேட்" கொடுத்தால்? இயங்குதளம் இருக்கும் ரூட் வால்யூம் வழக்கமாகக் கூடவே அழிந்துவிடும். ஆனால் தரவுக்கென்று தனியாக மாட்டிய வால்யூம்கள் அப்படியே தங்கிவிடும். "டெலீட் ஆன் டெர்மினேஷன்" என்ற ஒரு குறி ரூட்டுக்குப் போடப்பட்டிருக்கும், மற்றவற்றுக்குப் போடப்பட்டிருக்காது. தெரியாமல் தரவு அழிந்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். அந்த நல்லெண்ணத்துக்கு மாதாமாதம் நாம் பணம் கட்டுகிறோம்.

இன்னொன்று. கட்டணம் நீங்கள் எழுதிய அளவுக்கு இல்லை, ஒதுக்கிய அளவுக்கு. 500 கிகாபைட் கேட்டு வாங்கி உள்ளே 40 மட்டும் வைத்திருந்தாலும் 500க்குத்தான் காசு. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இடம் போதாமல் வெளியே ஸ்டோர் அறை வாடகைக்கு எடுத்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். உள்ளே ஒரு பழைய மெத்தை மட்டும் கிடந்தாலும் வாடகை முழு அறைக்கு.

அப்படி எவ்வளவுதான் போகிறது?

சிங்கப்பூர் வட்டாரத்தில் (சர்வர் கூடங்கள் இருக்கும் இடத்தை வட்டாரம் என்பார்கள்) ஜிபி2 வகை வால்யூம் ஒரு கிகாபைட்டுக்கு மாதம் 0.12 அமெரிக்க டாலர். ஜிபி3 வகை 0.096 டாலர். (இந்த "ஜிபி" வகையின் பெயர், கிகாபைட் இல்லை. குழப்பம் வராமல் இருக்க அளவை "கிகா" என்றே எழுதுகிறேன்.) ஆக 500 கிகா ஜிபி2 சும்மா கிடந்தால் மாதம் 60 டாலர், வருடம் 720. அதற்கு மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரி. ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்த நிறுவனம் என்றால் அதைக் கழித்துக்கொள்ளலாம், மற்றவர்களுக்கு அதுவும் கைச்செலவு.

இணையத்தில் படிக்கும் கணக்குகள் பெரும்பாலும் அமெரிக்காவின் வர்ஜீனியா விலையில் போட்டவை. அங்கே ஜிபி2 0.10, ஜிபி3 0.08. நமக்கு அதைவிட 20 விழுக்காடு கூடுதல். அதனால் யாரோ எழுதியதைப் பார்த்துக் கணக்கிட்டால் உங்கள் பில்லோடு ஒத்துவராது.

என் கருத்தைக் கேட்டால், மொத்த பில்லே 200 டாலர் என்றால் இதற்காக இரண்டு நாள் செலவிடாதீர்கள். ஒரு மதியம் போதும். பில் ஆயிரக்கணக்கில் போகிறது, ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள், டெஸ்ட் சர்வர்கள் பல முளைத்து மறைந்திருக்கின்றன என்றால் உட்கார்ந்து பார்ப்பது வீண் போகாது.

எங்கே போய்த் தேடுவது?

சர்வர்களைப் பார்க்கும் இசி2 பக்கத்தில் "வால்யூம்ஸ்" திறந்து நிலை "அவெய்லபிள்" என்று வடிகட்டுங்கள். அந்தச் சொல்லைப் பார்த்தால் ஏதோ நல்ல செய்தி மாதிரி இருக்கும். எந்தச் சர்வரிலும் மாட்டப்படவில்லை என்பதுதான் பொருள். மாட்டியிருப்பது "இன்-யூஸ்" என்று வரும்.

இங்கேதான் பலர் ஒரு தப்புச் செய்கிறார்கள். சிங்கப்பூர் வட்டாரத்தை மட்டும் பார்த்துவிட்டு "சுத்தமாகத்தான் இருக்கிறது" என்று மூடிவிடுகிறார்கள். யாரோ ஒருவர் பயிற்சிக் காணொளியைப் பார்த்துக்கொண்டே வர்ஜீனியாவில் ஒரு சர்வர் எழுப்பியிருப்பார், இன்னொருவர் சோதனைக்கு மும்பையில். பட்டியல் வட்டாரத்துக்கு வட்டாரம் தனி. ஒவ்வொன்றாகத் திறப்பதற்குப் பதில், செலவைப் பிரித்துக் காட்டும் காஸ்ட் எக்ஸ்ப்ளோரரில் "யூசேஜ் டைப்" வாரியாகப் பிரித்துப் பாருங்கள். "இபிஎஸ் வால்யூம் யூசேஜ்" என்பதற்கு முன்னால் "ஏபிஎஸ்1" என்று இருந்தால் சிங்கப்பூர், "ஏபிஎஸ்3" என்றால் மும்பை. முன்னால் ஒன்றுமே இல்லாமல் மொட்டையாக இருந்தால் வர்ஜீனியா. காசு எங்கே கசிகிறது என்று ஒரே திரையில் தெரிந்துவிடும்.

அஷூரில் டிஸ்க்குகள் பட்டியலில் "அன்அட்டாச்ட்" என்று தேடுங்கள். அங்கே மெய்நிகர் இயந்திரத்தை அழிக்கும்போது டிஸ்க்கையும் சேர்த்து அழிக்கும் பெட்டியில் டிக் போடாவிட்டால் டிஸ்க் தங்கிவிடும். பிரீமியம் எஸ்எஸ்டியில் அளவும் படிப்படியாகத்தான்: 128 கிகாவுக்கு ஒரு படி, அடுத்தது 256. நீங்கள் 130 கேட்டால் 256க்கான விலை. கூகுளில் சும்மா கிடக்கும் டிஸ்க்குகளை அதன் பரிந்துரைப் பகுதியே எடுத்துக் காட்டிவிடும்.

"இன்-யூஸ்" என்று இருந்தால் பயன்பாட்டில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இல்லை. ஆறு மாதமாக நிறுத்திவைத்த சர்வரில் மாட்டியிருக்கும் டிஸ்க்கும் "இன்-யூஸ்" என்றே காட்டும். என் அனுபவத்தில் "அவெய்லபிள்" பட்டியலைவிட இதில்தான் அதிகப் பணம் சிக்குகிறது, ஏனென்றால் யாரும் இந்தப் பக்கம் பார்ப்பதில்லை. நிறுத்தப்பட்ட சர்வர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை கிகா தொங்குகிறது என்று கூட்டிப் பாருங்கள்.

ஓடும் சர்வரிலும் இப்படி உண்டு. எப்போதோ இடம்பெயர்ப்பு வேலைக்கு மாட்டிய இரண்டாவது டிஸ்க், அப்புறம் யாரும் தொடாதது. அளவீடுகளைச் சேர்த்துவைக்கும் கிளவுட்வாட்சில் அதன் படிப்பு, எழுத்து எண்ணிக்கைகளைப் பாருங்கள். வாரக்கணக்கில் பூஜ்யத்தை ஒட்டியே கோடு போனால் சந்தேகப்படலாம்.

கடைசியாக எப்போது பயன்படுத்தப்பட்டது என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு, கொஞ்சம் சுற்றுவழி. வால்யூம் ஒரு சர்வரில் மாட்டியிருக்கும்போது மட்டும்தான் அதன் அளவீடுகள் கிளவுட்வாட்சுக்குப் போகும். கழற்றிய கணத்தோடு கோடு அறுந்துவிடும். ஆக, கோடு எங்கே முடிகிறதோ அதுதான் கழற்றிய நாள். ஒரு மணி நேர அளவிலான தரவை 15 மாதம் வரை அங்கே வைத்திருப்பார்கள். ஒரு சிக்கல் என்னவென்றால், இரண்டு வாரமாகப் புதிய தரவு வராத அளவீடு திரையில் வரும் பட்டியலில் காட்டப்படாது. கட்டளை வரியில் வால்யூம் எண்ணைக் கொடுத்துக் கேட்டால் வரும்.

யார் கழற்றியது என்று தெரிய, யார் என்ன செய்தார் என்று பதிந்துவைக்கும் கிளவுட்ரெயிலைப் பார்க்கலாம். தனியாகச் சேமிக்க ஏற்பாடு செய்யாவிட்டால் அதில் 90 நாள் வரலாறுதான் இருக்கும்.

யாருடையது என்றே தெரியாத வால்யூமை என்ன செய்வது?

உண்மையான வேலையே இதுதான். மீதியெல்லாம் நாலு கட்டளை.

ஓர் இடத்தில் ஒரு வால்யூமின் பெயர் "டெஸ்ட்-2-பழசு-தொடாதே". அவ்வளவுதான். உரிமையாளர் டேக் (மேலே ஒட்டும் குறிப்புச் சீட்டு) இல்லை, திட்டத்தின் பெயர் இல்லை. 200 கிகா, ஜிபி2, உருவாக்கி மூன்று வருடம். அலுவலகத்தில் ஒவ்வொருவரையும் கேட்டேன். "என்னோடது இல்ல, ஆனா அழிச்சிடாதீங்க, எதுக்கும் இருக்கட்டும்" என்று எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். தன்னுடையது அல்லாத பொருளின் மேல் மனிதருக்கு இவ்வளவு பாசம் வரும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்போது புரிந்தது, நான் கேட்ட விதம்தான் தப்பு. "இது வேண்டுமா?" என்று கேட்டால் "இருக்கட்டும்" என்பதுதான் பதிலாக வரும், அப்படிச் சொல்பவருக்கு ஒரு காசும் செலவில்லையே. இப்போது நான் அனுப்பும் மின்னஞ்சல் வேறு மாதிரி: "இந்தப் பட்டியலில் உள்ளவற்றை வரும் 15ஆம் தேதி எடுத்துவிடுவேன். வேண்டும் என்பவர் எதிரே தன் பெயரை எழுதுங்கள். அடுத்த மாதத்திலிருந்து அந்தத் தொகை உங்கள் பிரிவின் கணக்கில் ஏறும்." வால்யூம் எண்ணுக்குப் பக்கத்திலேயே மாதத் தொகையைப் போட்டுவிடுவேன். பெயர் எழுத வருபவர்கள் மிகச் சிலர்தான்.

வேலையை விட்டுப் போனவர்களை மறக்காதீர்கள். வொர்க் பாஸ் முடிந்து ஊர் திரும்பிய தம்பி ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் வால்யூம் பெயரைப் படமெடுத்து அனுப்பினேன். "அண்ணே, அது நான் சேர்ந்த முதல் வாரம் கத்துக்கறதுக்குப் போட்டது, இன்னுமா இருக்கு?" என்று பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு அழித்தால் பயமில்லைதானே?

ஸ்னாப்ஷாட் என்பது டிஸ்க் அந்தக் கணத்தில் இருந்தபடியே எடுத்து வைக்கும் நகல். பயம் பெரும்பாலும் போய்விடும். செலவும் நன்றாகக் குறையும். ஸ்னாப்ஷாட்டில் எழுதப்பட்ட பிளாக்குகள் (டிஸ்க்கின் சிறு துண்டுகள்) மட்டும் சேரும், ஒதுக்கிய முழு அளவும் சேராது. சிங்கப்பூரில் ஸ்னாப்ஷாட் கிகாவுக்கு மாதம் 0.05 டாலர். அந்த 500 கிகா வால்யூமில் 40 கிகாதான் எழுதியிருந்தால் மாதம் 60 டாலர் போய் 2 டாலர் ஆகிவிடும். ஒரு எச்சரிக்கை: கோப்பை எழுதிவிட்டு அழித்திருந்தாலும் அந்த பிளாக் எழுதப்பட்டதாகவே எண்ணப்படலாம். அதனால் நீங்கள் நினைத்ததைவிடக் கொஞ்சம் பெரிதாக வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

வரிசையை மாற்றாதீர்கள். முதலில் ஸ்னாப்ஷாட். அது "கம்ப்ளீட்டட்" ஆகும்வரை காத்திருங்கள். அதன் மேல் பழைய வால்யூம் எண், எந்தச் சர்வரில் இருந்தது, யாரிடம் கேட்டீர்கள், எப்போது இதையும் அழிக்கலாம் என்று டேக் போடுங்கள். பிறகுதான் வால்யூம். டேக் போடாத ஸ்னாப்ஷாட் அடுத்த வருடம் இதே கேள்வியோடு உங்கள் முன்னால் வந்து நிற்கும்.

என் கதை ஒன்று. ஒரு நிறுவனத்தில் 11 மாதமாக மாட்டாத வால்யூம் ஒன்றைச் சனவரியில் அழித்தேன். எல்லாரையும் கேட்டுவிட்டுத்தான். பிப்ரவரி மூன்றாம் வாரம் சம்பளப் பிரிவிலிருந்து அழைப்பு: "சார், ஐஆர்8ஏ போடற டிஸ்க்கைக் காணோம்." ஊழியர்களின் வருமான விவரத்தை மார்ச் 1க்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குக் கொடுத்தாக வேண்டும். அதற்கான பழைய மென்பொருள் அந்த டிஸ்க்கில் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை மாட்டுவார்கள், வேலை முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். அந்தப் பொறுப்பில் இருந்தவர் நான் மின்னஞ்சல் அனுப்பிய வாரம் விடுப்பில். ஸ்னாப்ஷாட் இருந்ததால் பிழைத்தேன். ஆனாலும் மீட்டெடுத்த வால்யூம் முதலில் நத்தை மாதிரி ஓடியது. தரவு பின்னணியில் எஸ்3 என்ற அமேசான் சேமிப்பகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதால், ஒவ்வொரு பிளாக்கையும் முதல்முறை தொடும்போது தாமதம் ஆகும். சம்பளப் பிரிவு அக்கா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

அதற்குப் பிறகு, வருடாந்தர வேலை எதுவாவது உண்டா என்று தனியாக ஒரு கேள்வி கேட்காமல் நான் எதையும் அழிப்பதில்லை. வரி, தணிக்கை, போனஸ், கையிருப்புக் கணக்கெடுப்பு என்று பெயர் சொல்லியே கேட்பேன்.

மறையாக்கம் செய்த வால்யூம் என்றால் இன்னொரு கவனம். ஸ்னாப்ஷாட்டை வைத்துக்கொண்டு, "பயன்படாத" கேஎம்எஸ் சாவியை (மறையாக்கத்தைத் திறக்கும் சாவி) அழித்துவிட்டால் ஸ்னாப்ஷாட் வெறும் குப்பை. சாவியை அழிக்கச் சொன்னாலும் 7 முதல் 30 நாள் காத்திருப்பு உண்டு. அதற்குள் சுதாரித்துக்கொண்டால் திரும்பப் பெறலாம்.

ஸ்னாப்ஷாட்டுகளே மலைபோலக் குவிந்திருக்கின்றன. அவற்றை?

முதல் ஸ்னாப்ஷாட் முழுசு, அடுத்தடுத்தவை மாறிய பகுதி மட்டும். நடுவில் ஒன்றை அழித்தால் மற்றவை கெட்டுவிடுமோ என்று பயப்பட வேண்டாம், மற்றவற்றுக்குத் தேவையான பிளாக்குகளை அது விட்டுவைக்கும். அதனாலேயே பத்தை அழித்தாலும் பில் பெரிதாகக் குறையாமல் போகலாம்.

சிலவற்றை அழிக்கவே விடாது. அது ஏதாவது ஏஎம்ஐயோடு (புதிய சர்வர் எழுப்ப வைத்திருக்கும் அச்சு) கட்டப்பட்டிருக்கும். முதலில் ஏஎம்ஐயின் பதிவை நீக்க வேண்டும்.

வருடக்கணக்கில் வைத்திருக்க வேண்டியதை ஆர்க்கைவ் அடுக்குக்கு மாற்றலாம், விலை 75 விழுக்காடு வரை குறையும். ஆனால் அங்கே முழுப் பிரதியாகப் போகும், குறைந்தது 90 நாளுக்குக் காசு, திரும்ப எடுக்க 72 மணி நேரம் வரை ஆகலாம். தினமும் மாறும் பேக்கப் தொடருக்கு இது சரிப்படாது. மூடிய திட்டத்தின் கடைசி நகல் ஒன்றுக்குச் சரி. ஸ்னாப்ஷாட்டுக்கு "ரீசைக்கிள் பின்" உண்டு, ஒரு நாள் முதல் ஒரு வருடம் வரை வைக்கலாம். அதை இயக்கிவிட்டு அப்புறம் அழிக்கத் தொடங்குங்கள்.

சட்டப்படி வைத்திருக்க வேண்டியதை அழித்துவிட்டால்?

இது நியாயமான பயம். சிங்கப்பூரில் நிறுவனக் கணக்குப் பதிவுகளையும் வரி ஆவணங்களையும் 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஆனால் அதற்காக, கழற்றிப் போட்ட டிஸ்க் ஒன்றில் அது எங்கேயோ கிடக்கட்டும் என்பது வைத்திருப்பதாகாது. எடுத்து முறையான இடத்தில் வையுங்கள், டிஸ்க்கை விடுங்கள்.

மறுபக்கமும் இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, சேகரித்த நோக்கம் முடிந்து சட்ட, தொழில் தேவையும் இல்லாத தனிநபர் தரவை வைத்திருக்கக் கூடாது. மறந்துபோன டெஸ்ட் டிஸ்க்கில் வாடிக்கையாளர்களின் அடையாள அட்டை எண்கள் இருந்தால் அதன் மாதாந்தரக் கட்டணம்தான் உங்களுக்கு இருக்கும் பிரச்சினைகளிலேயே சின்னது. நிதித்துறை நிறுவனம் என்றால் நான் சொல்வதைக் கேட்காதீர்கள், உங்கள் கம்ப்ளையன்ஸ் ஆளைக் கேளுங்கள்.

குபர்னெட்டிஸ் (பல சர்வர்களில் மென்பொருளைப் பரப்பி ஓட்டும் ஏற்பாடு) பயன்படுத்துகிறோம். எங்களுக்கும் இது உண்டா?

தாராளமாக. ஸ்டேட்ஃபுல்செட்டை (தரவு வைத்துக்கொண்டு ஓடும் மென்பொருள் தொகுதி) அழித்தாலும் அதன் பிவிசிக்கள் (டிஸ்க் கேட்டுப் போட்ட விண்ணப்பங்கள்) வழக்கமாகத் தங்கிவிடும். பிவிசி போனபின் டிஸ்க்கை என்ன செய்வது என்று சொல்லும் ரீகிளெய்ம் பாலிசி "ரீடெய்ன்" என்று இருந்தால் பிவிசியை அழித்தாலும் வால்யூம் "ரிலீஸ்ட்" நிலையில் உட்கார்ந்திருக்கும். பிவிசிக்களை எடுக்காமல் கிளஸ்டரையே கலைத்துவிட்டால் பின்னால் இருந்த டிஸ்க்குகள் எல்லாம் அநாதை. நல்லவேளையாக, தானாக உருவான வால்யூமின் டேக்கில் பிவிசியின் பெயரும் நேம்ஸ்பேஸும் (கிளஸ்டருக்குள் அது இருந்த பிரிவு) எழுதியிருக்கும், ஆளைப் பிடிப்பது எளிது.

டிஸ்க் வேண்டும், ஆனால் பெரிதாக வாங்கிவிட்டோம். சுருக்கலாமா?

முடியாது. பெரிதாக்க மட்டும்தான் விடுவார்கள். சின்னதாக ஒன்று புதிதாக உருவாக்கி, தரவை நகலெடுத்து, மாற்றி மாட்ட வேண்டும்.

அதற்கு முன் ஜிபி2ஐ ஜிபி3க்கு மாற்றுங்கள். சர்வரை நிறுத்த வேண்டியதில்லை, 20 விழுக்காடு குறையும். 2020 டிசம்பரில் ஜிபி3 வந்தது, இன்னும் மாற்றாதவர்களை நான் பார்க்கிறேன். ஒரே கவனம்: ஜிபி2இல் கிகாவுக்கு 3 ஐஓபிஎஸ் (நொடிக்கு எத்தனை படிப்பு, எழுத்து என்ற கணக்கு) என்பதால் 1000 கிகாவுக்கு மேற்பட்ட வால்யூமுக்கு 3000க்கு மேல் கிடைத்துக்கொண்டிருக்கும். ஜிபி3 அளவு எதுவானாலும் 3000 ஐஓபிஎஸ், நொடிக்கு 125 மெகாபைட்டில்தான் தொடங்கும். பெரிய டேட்டாபேஸ் என்றால் கூடுதலாக வாங்கிப் போட்டுவிட்டு மாற்றுங்கள், இல்லையென்றால் மறுநாள் காலை எல்லாரும் உங்களைத்தான் தேடுவார்கள்.

தானாகவே அழிக்கும்படி ஸ்கிரிப்ட் எழுதிவிட்டால் என்ன?

கண்டுபிடிக்க எழுதுங்கள், அழிக்க எழுதாதீர்கள். வாரம் ஒருமுறை ஒரு லாம்டா (தனிச் சர்வர் இல்லாமலே ஓடும் சின்ன நிரல்) ஓடி, மாட்டாத வால்யூம்களையும் அவற்றின் மாதத் தொகையையும் குழுவுக்கு அனுப்பினால் போதும். ஐஆர்8ஏ டிஸ்க்கைப் பற்றி ஸ்கிரிப்டுக்கு என்ன தெரியும்?

புதிதாகக் குப்பை சேராமல் பார்ப்பது இதைவிட எளிது. டெஸ்ட் சர்வர்களின் வார்ப்புருவில் எல்லா டிஸ்க்குக்கும் "டெலீட் ஆன் டெர்மினேஷன்" போட்டுவையுங்கள். உரிமையாளர் டேக் இல்லாமல் வால்யூம் உருவாக்க அனுமதிக்காதீர்கள்.

டிஸ்க் தவிர வேறு எதில் பணம் கசியும்?

பொது ஐபிவி4 (இணைய) முகவரிகள்: 2024 பிப்ரவரி 1 முதல் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் மணிக்கு 0.005 டாலர். பின்னால் சர்வரே இல்லாத லோட் பேலன்சர் (வரும் வேலையைச் சர்வர்களுக்குப் பங்கிடுவது). எஸ்3இல் பாதியில் நின்ற பதிவேற்றங்கள். காலாவதியே வைக்காத கிளவுட்வாட்ச் லாக்குகள். ஒவ்வொன்றும் தனிக் கதை, இன்னொரு நாள்.

அந்த "தொடாதே" வால்யூமில் என்னதான் இருந்தது?

இந்தக் கதையைச் சொன்ன இடத்தில் எல்லாம் கேட்கிறார்கள். 15ஆம் தேதி வந்தது, யாரும் பெயர் எழுதவில்லை. ஸ்னாப்ஷாட் எடுத்தேன். அழிப்பதற்கு முன் ஆசை விடவில்லை. அதே அவெய்லபிலிட்டி ஸோனில் சின்ன சர்வர் ஒன்றை எழுப்பி (ஸோன் என்பது வட்டாரத்துக்குள் ஒரு தனிப் பகுதி, வேறு ஸோன் என்றால் மாட்ட முடியாது), வால்யூமை மாட்டி, படிக்க மட்டும் என்று திறந்து பார்த்தேன். கணக்குப் பிரிவு அக்காவும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஒரே ஒரு அடைவு. "லாஸ்ட்+ஃபவுண்ட்". டிஸ்க்கை ஃபார்மேட் செய்யும்போது லினக்ஸ் தானாக உண்டாக்கும் காலி அடைவு அது. அதன் பிறகு யாரும் அதில் ஓர் எழுத்துகூட எழுதியதில்லை.

மாதம் 24 டாலர், 36 மாதம். அக்கா கால்குலேட்டரில் தட்டி, 864 என்று என் பக்கம் திருப்பிக் காட்டினார்.